புரண்டு படுத்தல்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாசல் வேப்பமரம் வரைக்கும் கர்ப்பிணிகள்தான். மகளுக்கு 24 வாரம். எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். இதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. விடிந்ததும் பஸ் பிடித்து வருகிற பெண் பட்டினி கிடக்க வேண்டாம், இன்னொரு நாள் அலையவும் வேண்டாம் என்று இந்த முறையை வகுத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. வயிற்றுப்பிள்ளைக்காரியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்த மனிதர். அவருக்கு என் வணக்கம்.

அந்த 2 மணி நேரத்தில் மகள் தூங்கிப்போனாள். சிமெண்ட் திண்ணையில், என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க. சர்க்கரைத் தண்ணீர் அசத்திவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸம்மா எங்கள் பக்கத்துக்குப் பல வருடமாக வந்து போகிறவர். மருத்துவச்சி என்ற சொல் இப்போது எந்தப் பலகையிலும் இல்லை என்றாலும், அவர் கை மருத்துவச்சியின் கைதான். முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொடுவார். டேப் வைத்து அளந்தார்; 24 சென்டிமீட்டர். வாரமும் அளவும் ஒத்துப்போவதைக் கண்டு தலையாட்டினார். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியைக் கையில் எடுத்தவர், அதை வைக்காமல் கேட்டார்:

“கண்ணு, ராத்திரி தூங்குறயா?”

நான் முந்திக்கொண்டேன். “நல்லாத் தூங்குறாளுங்க.”

நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: “இல்லீங்க. திரும்பறப்பெல்லாம் எந்திரிச்சு உக்காந்து உக்காந்து படுக்கறேன். அதுலயே முழிப்புத் தட்டிருது. அப்பறம் பயமா இருக்கு.”

அந்தப் பயத்தை வைத்தவள் நான். “படுத்தபடிக்குப் பொரளாத சாமி, எந்திரிச்சு உக்காந்து அந்தப் பக்கம் திரும்பிப் படு. இல்லீன்னா கொடி சுத்திக்கும்” என்று ஐந்தாம் மாதத்திலிருந்து சொல்லி வருகிறேன். என் அம்மா எனக்குச் சொன்னது அது. அவளுக்கு அவள் அம்மா சொல்லியிருப்பாள். எனக்கு இரண்டு பிரசவம். ஒருவருமே அதைக் கேள்வி கேட்டதில்லை.

நர்ஸம்மா கோபப்படாமல் விளக்கினார். பனிக்குடத் தண்ணீரில் மிதக்கிற பிள்ளை தானாகத்தான் உருளுகிறது, தானாகத்தான் கொடியைச் சுற்றிக்கொள்கிறது, தானாகவே விலகவும் விலகும். அம்மா படுக்கையில் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலும் விரலால் எடுத்துவிடுவதோடு சரி. “இப்போதைக்கு எப்படி சுகமோ அப்படிப் படு. ஏழாம் மாசம் பொறந்ததும் ஒருக்களிச்சுத் தூங்கப் பழகிக்க. நடுவுல முழிச்சுப் பாத்து மல்லாக்கக் கிடந்தாலும் பதறாத, திரும்பிக்க.”

பிறகுதான் கருவியை வைத்தார். எங்கள் தெருத் தறிகள் மாதிரி, ஆனால் இன்னும் அவசரமாக ஒரு சத்தம். மகள் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒன்றே உறுத்தியது. கேள்வி அவளுக்கு, பதில் ஏன் என் வாயிலிருந்து வந்தது? அவள் தூங்கினாளா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மாத்திரை போட்டாயா, கீரை சாப்பிட்டாயா, பிள்ளை அசைகிறதா, இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். மசக்கைக்கு மாங்காய் வேண்டும் என்றால் ஊரெல்லாம் அலைவோம். அதே பெண் இன்னும் கொஞ்சம் தூங்க ஆசைப்பட்டால், உடம்பு வளையாவிட்டால் பிரசவம் சிரமம் என்போம். என் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் படுக்கும்போது அவள் பாத்திரம் கழுவுவாள். எழும்போது வாசல் தெளித்திருப்பாள். நானும் அப்படித்தான் இருந்தேன், அதைப் பெருமையாகவும் நினைத்தேன்.

இந்த மாதங்களில் அவள் உடம்பு செய்கிற வேலையை நினைத்துப் பார்க்கிறேன். ரத்தத்தின் அளவு முன்பிருந்ததைவிடப் பாதிக்குக் கிட்டப் பெருகுகிறது. அதைச் சுற்றவைக்கிற இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கூடுதலாக அடிக்கிறது. பொழுதெல்லாம் அவள் நடக்கையில் தாலாட்டில் இருக்கிற பிள்ளை, அவள் படுத்ததும் விழித்து உதைக்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நெஞ்சு எரிகிறது, சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில், நான் கொடுத்த பயமும் சேர்ந்துகொண்டது.

நர்ஸம்மா சொன்னதில் ஒன்றை மறுபடி மறுபடி நினைத்தேன். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை, முதுகெலும்பின் வலப்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அதனால்தான் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சிகள் எச்சரிப்பது 28 வாரத்துக்குப் பிந்திய காலத்தை. அப்படியென்றால் 24-ஆம் வாரத்தில் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி, பிள்ளைக்காகக் கேட்டது அல்ல. கருவி இன்னும் வயிற்றில் படாத நேரத்தில், இவளுக்காக, இவளிடம் கேட்டது. பிள்ளைக்காகச் சாப்பிடு, பிள்ளைக்காகத் தூங்கு, பிள்ளைக்காகச் சிரி என்று சொல்லிச் சொல்லி, சுமக்கிறவளை வெறும் சுமைதாங்கிக் கல்லாக்கிவிடுகிறோம். அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. நான் பெற்ற பிள்ளை. இதை எனக்கு இன்னொருத்தியின் கேள்விதான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி கட்டிலில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். முதுகுக்கு இலவம்பஞ்சுத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் வைக்க என் பழைய நூல்புடவையைச் சுருட்டிக் கொடுத்தேன். “நீ எப்படி வேணும்னாலும் பொரண்டுக்க சாமி” என்றேன். “தெரியாமச் சொல்லிப்போட்டேன்.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

நான் கீழே பாயில் விழித்துக் கிடந்தேன். தறிச் சத்தம் ஓய்ந்த ஏதோ ஒரு நேரத்தில் கட்டில் முனகியது. எழுந்து உட்காரப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உட்காரவில்லை. படுத்தபடிக்கே மெதுவாக இந்தப் பக்கம் புரண்டாள். நழுவிய புடவைச் சுருட்டைக் கண் திறக்காமலே இழுத்துச் செருகிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், சின்ன வயதில் விட்ட அதே மெல்லிய குறட்டை.