விடுப்பு கிடைக்கிறது, கணக்கு மாறவில்லை

கொல்கத்தாவின் அலிப்பூரில், பெல்வெடியர் மாளிகை வளாகத்திலுள்ள தேசிய நூலகத்தின் அரிய பழைய நூல்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அதே அலிப்பூரில் உள்ள கல்கத்தா பல்கலைக்கழக வளாகத்தில் வரலாறு கற்பிப்பவர், நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்தால்தான் ஆய்வு நகரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் முதலில் பறிபோவது அந்த நேரம்தான். அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூவாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வும், குழந்தை பிறந்த பின் வரும் ஆண்டுகளில் தாய்மார்களின் வெளியீடுகள் குறைவதையும், தந்தையர் பெரும்பாலும் பாதிக்கப்படாததையும் காட்டியது. தாய்க்கும் தந்தைக்கும் இப்படி வேறுபடுகிற சரிவுக்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. வீட்டுவேலை யார் தலையில் விழுகிறது என்பதே காரணம். அப்படியிருக்க, இருவரின் கட்டுரைகளையும் ஒரே ஆண்டுக் கணக்கில் எண்ணிப் பதவி உயர்வு தருவது நியாயமா?

சாதித்த தாய்மார்களைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்று, 1961-இல் பட்நாகர் விருது வாங்கிய வேதியியலாளர் அசீமா சட்டர்ஜி 1947-இல் கைக்குழந்தையோடு அமெரிக்கா சென்று ஆய்வு செய்தவர். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு தாதியும் உடன் சென்றார். அவருடைய மேதைமையில் ஐயமில்லை. அந்தத் துணை கிடைக்காதவர்களை அவரோடு ஒப்பிடுவதுதான் தவறு. குழந்தை பெறுவது சொந்த விருப்பம், அதன் சுமையைச் சக ஆசிரியர் ஏன் தாங்க வேண்டும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. விடுப்பில் இருப்பவரின் வகுப்புகளை அடுத்தவர் தலையில் கட்டுவது உண்மையிலேயே அநீதி; மாற்று ஆசிரியரை நியமிப்பது நிறுவனத்தின் கடமை. ஆனால் வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்து வெளியீடுகளை அளந்தால் யாருடைய உரிமையும் குறைவதில்லை.

அப்படியானால் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே அவகாசம் தரலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டுக் காலத்தை இருபாலருக்கும் அப்படி நீட்டித்தபோது, ஆண்கள் நிரந்தரப் பணி பெறும் வீதம் உயர்ந்தது, பெண்களுடையது சரிந்தது என 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. பெற்றோர் என்ற பெயருக்கு அல்ல, பராமரிப்பில் உண்மையாகச் செலவான காலத்துக்கே அவகாசம் தர வேண்டும்; அதைச் செய்யும் தந்தைக்கும் அது உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் பெண் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டு வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகின்றன. கற்பித்தலை மதிப்பிடும்போது அந்த நாட்களைக் கழித்துவிடவும் சொல்கின்றன. அதே கழிப்பை ஆய்வு வெளியீடுகளுக்கும் ஐயமற எழுதிச் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஒன்றும் ஆகாது.