நோயாளிக்கு உரிய உண்மை

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய்ப் பிரிவின் மருத்துவர் ஒருவர் தம் அறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர், அங்குச் சிகிச்சை பெற்றிருந்த பெண்மணி ஒருவரின் மகன். மருத்துவர் உயிர் பிழைத்தார். மாநிலமெங்கும் மருத்துவர்கள் பணியை நிறுத்திப் போராடினர். அக்கொடுஞ்செயலுக்கு எவ்வகை நியாயமும் இல்லை. அந்த மருத்துவரின் பணியை எடைபோடுவதும் இங்கு நோக்கமன்று. ஆயினும், அதன்பின் எழுந்த பொதுப்பேச்சு பெரும்பாலும் காவலையும் சோதனை வாயிலையும் சுற்றியே அமைந்து, புற்றுநோயாளிக்கு அவர் நோயைப் பற்றி என்ன சொல்லப்பட வேண்டும், யார் சொல்ல வேண்டும் என்னும் அடிப்படைக் கேள்வியைத் தொடாமலே ஓய்ந்தது வருந்தத்தக்கது. அக்கேள்விக்குரிய விடையில் ஐயத்துக்கு இடமில்லை. நோயின் பெயரையும், அது எந்த நிலையில் உள்ளது என்பதையும், இனிச் செல்ல வேண்டிய வழியையும் நோயாளிக்கே விளங்கச் சொல்வது மருத்துவத்தின் ஓர் உறுப்பு. அதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் கொடுப்பது குறைபட்ட மருத்துவமே.

இக்கடமையின் அருமை, பெருநகரத்தைவிடச் சிற்றூரிலேயே தெளிவாகத் தெரியும். சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலையை ஒட்டி அமைந்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளித் தோட்டங்களில் பூப்பறித்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தென்பட்டால், அவர் கடக்க வேண்டிய படிகள் பல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்குச் சீட்டு வாங்கி, ஸ்கேன் எடுத்து, கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராயும் சதைப் பரிசோதனைக்கு உட்பட்டு, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது என்றாலும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கான சான்றை வருவாய்த் துறையினரிடம் பெறுவதும், காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்வதும் அவருடைய பொறுப்பாகவே அமைகின்றன. சிலர் அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையத்துக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்பப்படுவதும் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் கூலி போகிறது. இவ்வளவு நீண்ட வழியில், எதற்காக நடக்கிறோம் என்பதே தெரியாமல் ஒருவரை நடக்கவிடுவது எவ்வகை அறம்?

தமிழ் மரபு இதற்கு ஐயமற விடை தருகிறது. ஒழுக்க நூல்களுக்குத் திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்துகளின் பெயரையே சூட்டிய மரபு இது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து முடிகிறது. அந்நான்கில் முதலில் வைக்கப்பட்டவன் நோயாளியே. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், நோயாளிக்கு வேண்டிய இயல்புகளுள் மருத்துவன் சொன்ன வழி நிற்றலையும், தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லும் வல்லமையையும், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலையும் சேர்க்கிறார். தனக்கு என்ன நோய் என்று அறியாதவர் அதன் போக்கை எவ்வாறு எடுத்துச் சொல்வார்? எதற்காகப் படுகிறோம் என்று தெரியாத துன்பத்தை எவ்வாறு பொறுப்பார்? வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் இதே நான்கினை மருத்துவத்தின் தூண்களாகக் கூறி, நோயாளியிடம் அச்சமின்மையையும் தன் நிலையை உரைக்கும் திறனையும் எதிர்பார்க்கிறது. நோயாளியின் அளவும், நோயின் அளவும், காலமும் அறிந்து மருத்துவம் செய்க என வள்ளுவர் பணிப்பதும் இக்கருத்துக்கே அரண் செய்கிறது. ஏனெனில், நோயாளியின் மன வலிமையும் குடும்பச் சூழலும் பொருள்நிலையும் அவரோடு பேசாமல் அறியத்தக்கவை அல்ல.

பனமரத்துப்பட்டி வட்டாரக் குடும்பங்களில், ‘அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்று மருத்துவரைத் தனியே அழைத்து வேண்டிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. நோயாளியிடம் வெறும் கட்டி என்றும், புண் என்றும் சொல்லி வைக்கிறார்கள். அன்பிலிருந்து பிறக்கும் இவ்வேண்டுகோளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பது உண்மையே. குற்றமற்ற நன்மை பயக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். நோயாளியின் முடிவு நெருங்கியதை அறிந்தாலும், அதிர்ச்சி தருமிடத்து அதைச் சொல்லலாகாது எனச் சரகமும் மாணவனுக்குக் கட்டளையிடுகிறது. ஆனால், அக்கட்டளை சாவின் நாளைக் குறித்துச் சொல்வதைத் தடுக்கிறதேயன்றி, நோயை மறைக்கச் சொல்லவில்லை. வள்ளுவர் வைத்த நிபந்தனையோ மிகக் கடுமையானது: விளையும் நன்மையில் சிறு குற்றமும் இருத்தல் ஆகாது. இனிய சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும் இடத்திலும், அன்பு கலந்ததாக இருத்தலோடு வஞ்சமற்றதாக இருத்தலையும் அவர் சேர்த்தே வைக்கிறார்.

நோயை மறைப்பதால் விளையும் தீமை கற்பனையானதன்று. கீமோ எனப்படும் வேதிமருந்து ஏற்றிய பின், பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும்; அந்நாள்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். புண்ணுக்கு ஊசி போட்டதாக மட்டும் நம்பியிருக்கும் பெண், அதைச் சாதாரணக் காய்ச்சலாகக் கருதி, ஊர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். அந்த ஓர் இரவே உயிரைக் கொண்டுபோகக்கூடும். கதிர்வீச்சு, அதாவது மக்கள் வழக்கில் ‘கரண்ட் வைப்பது’, வழக்கமாக வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் தொடர்வது; கட்டி கரைந்ததாகத் தோன்றியவுடன் இடையில் நிறுத்தினால் பயன் குறைகிறது. ஏன் நிறுத்தலாகாது என்று சொல்லப்படாதவர் பூப்பறிக்கத் திரும்பிவிடுவதில் அவர் குற்றம் என்ன? இத்தகைய பொய்யைக் குற்றமற்ற நன்மை என்று எந்த நூலும் ஏற்காது.

மறைத்தலுக்குச் சான்றாகச் சிலர் அதியமானைக் காட்டக்கூடும். சேலத்தை அடுத்த தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அவன், வாழ்நாளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமலே ஔவையாருக்கு அளித்தான் எனப் புறநானூறு புகழ்கிறது. அவன் மறைத்தது, தனக்கு நேரவிருந்த இழப்பை. அம்மறைப்பால் ஔவையார் எதையும் இழக்கவில்லை. நோயாளியிடம் நோயை மறைப்பவரோ, நோயாளி தம் நாள்களைத் தாமே திட்டமிடும் உரிமையையும், நிலபுலத்தை ஒழுங்கு செய்யும் வாய்ப்பையும், உற்றாரிடம் மனம் திறந்து பேசும் ஆறுதலையும் பறித்துவிடுகிறார். இரண்டும் ஒன்றாகா.

நாட்டின் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. 2008ஆம் ஆண்டு சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த, தெளிந்த அறிவுடைய நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே வேண்டும் என்றும், அவசர நிலை அல்லாதபோது தாய் தந்த சம்மதமும் அதற்கு ஈடாகாது என்றும் தீர்ப்பளித்தது. அறியாமல் தரும் சம்மதம் சம்மதம் ஆகாது.

மருத்துவர்களின் பணிச்சுமை பெரிது என்பதும், காலை முழுதும் நீளும் வரிசைக்கு நடுவே ஒவ்வொருவரிடமும் விரிவாகப் பேசுவது கடினம் என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கவை. ஆனால், சுமை மிகுதி கடமையைப் பகிர்ந்துகொள்வதற்குக் காரணமாகலாமே தவிர, அதைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. பயிற்சி பெற்ற செவிலியரும் ஆலோசகரும் அப்பணியில் பங்கு பெறலாம். எளிய தமிழில் எழுதிய ஒரு தாள், அடுத்து எங்கே செல்வது, எந்த அறிகுறி கண்டால் ஓடிவருவது என்பவற்றைச் சொல்லலாம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து, 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தை முத்துலட்சுமி ரெட்டி உருவாக்கிக் காட்டிய தமிழகத்தில், இச்சிறு ஏற்பாடு இயலாதது என்று எவரும் கூற முடியாது.

ஆகவே, மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவர் தாங்கும் அளவறிந்து, படிப்படியாக, பொய் கலவாமல் பேசுவாராக. குடும்பத்தார் நோயாளியைச் சுற்றி மௌனச் சுவர் எழுப்புவதை விடுத்து, அவர் அருகில் அமர்ந்து அவ்வுண்மையைக் கேட்பாராக. அரசு, சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குவதோடு, சிகிச்சையை விளக்குவதற்கு ஆளையும் ஒதுக்குவதாக. உண்மை அறிந்த நோயாளியே தம் மருத்துவத்தில் பங்காளி ஆகிறார்; அவரைப் பங்காளியாக ஏற்காத பரிவு, எவ்வளவு கனிந்ததாயினும், அறமாகாது.