செங்கடலுக்கு அடுத்த மூன்று நாள்



செங்கடலைக் கடந்த இஸ்ரவேல் ஜனங்கள் தம்புரு அடித்துப் பாடினார்கள். அதற்கு அடுத்த மூன்று நாள் என்ன நடந்தது? சூர் வனாந்தரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாராவில் கிடைத்த தண்ணீரோ வாயில் வைக்க முடியாத கசப்பு (யாத். 15:22-25). அப்படியானால் எகிப்தை விட்டு வந்தது பொய்யா? இல்லை. விடுதலையும் மெய், கசப்பும் மெய்.

"இனி தொடமாட்டேன்" என்று ஞாயிறு ஆராதனையில் கையை உயர்த்தின சகோதரன், செவ்வாய்க்கிழமை ராத்திரி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறான். மனைவி ஓடி வருகிறாள்: "பாஸ்டர், பிசாசு பிடிச்சிருச்சு போல. சுவத்துல பூச்சி ஓடுதுங்கறாரு. வந்து ஜெபிங்க." இப்படி என்னைத் தேடி வரும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: "ஜெபிக்கிறேன்மா. முதல்ல ஆட்டோ கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே ஜெபிப்போம்."

பிரியமானவர்களே, இது பிசாசும் அல்ல, அவிசுவாசமும் அல்ல. சாராயம் மூளையை அமுக்கி வைக்கிறது. வருஷக்கணக்காய் தினமும் குடித்தவனுடைய மூளை அந்த அமுக்கத்தை எதிர்த்து இழுத்தே பழகிவிட்டது. பாரம் இழுக்கிற மாட்டின் கயிறு திடீரென்று அறுந்தால் மாடு தறிகெட்டு ஓடுமல்லவா? அதேதான்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். தூக்கம் வராது. முதல் 2 நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2, 3-ம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஆகவே தினமும் அதிகமாய்க் குடிக்கிறவர்கள், முன்பு வலிப்பு வந்தவர்கள், டாக்டரைப் பார்த்த பிறகே நிறுத்துங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு, வைட்டமின் பி1 ஊசி உண்டு. டாக்டர் சொன்ன அளவை மீறவேண்டாம்.

"மாத்திரை போட்டா விசுவாசம் எங்கே?" என்று கேட்கிற விசுவாசிகளே, எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். கண்ணீரோடு ஜெபித்தான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசா. 38). ஜெபமும் மருந்தும் ஒரே கர்த்தருடைய கையிலிருந்து வருகிறது.

முதல் வாரத்தில் அவரை உபவாசத்தில் உட்காரவைக்காதீர்கள். கஞ்சி, மோர், இளநீர் கொடுங்கள். நாங்கள் முழங்காலில் நிற்போம், அவர் சாப்பிடட்டும். சகோதரிகளே, குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் ஆபத்து.

சாதாரணமாக ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கும். தூக்கம் சீராவதற்கோ வாரங்கள் ஆகும். எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். சாயங்காலம் ஆனால் கால் பழைய தெருவுக்கு இழுக்கும். வனாந்தரத்தில் ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுதார்களே, சவுக்கடியை நினைத்தார்களா? ஆசை எப்போதும் பாதியைத்தான் ஞாபகப்படுத்தும். அந்த நேரத்தில் பசியோடும் தனிமையோடும் இருக்கவேண்டாம். சாப்பிடுங்கள், ஒரு சகோதரனுக்குப் போன் போடுங்கள். ஆசை அலைபோல் எழும்பும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். சம்பள நாளன்று பணத்தை நேராக மனைவி கையில் கொடுங்கள்.

ஒருவேளை தவறி விழுந்தாலும் சபைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். சபையாரே, விழுந்தவனை முறைத்துப் பார்க்காதீர்கள். லாசருவை உயிரோடெழுப்பினவர் இயேசு. கட்டை அவிழ்க்கும் வேலையையோ பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்.

உதவிக்கு 14446 என்ற இலவச அரசு எண்ணை அழைக்கலாம்.

மாராவுக்கு அடுத்து ஏலிம் இருந்தது. அங்கே 12 நீரூற்று, 70 பேரீச்சமரம்! மாராவில் கூடாரம் அடித்துவிடாதீர்கள், தேவபிள்ளையே, நடந்துகொண்டே இருங்கள். கர்த்தர்தாமே உங்களைப் பத்திரமாய்க் கொண்டு சேர்ப்பாராக. ஆமென்.