வண்டியின் விலையும் வாய்மையின் விலையும்

பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கப் புறப்படுவோன், அறநூல் ஆராய்ச்சிக்குப் புறப்பட்டதாகத் தன்னைப் பற்றி எண்ணிக் கொள்வதில்லை. சட்டைப் பையில் பணம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறான், உடன் வரும் நண்பனுக்கு வண்டி பற்றி ஏதேனும் தெரியுமா என்று கேட்டுக் கொள்கிறான், அவ்வளவே! எனினும், விற்போன் வாயிலில் நின்று, "என்ன விலை?" என்று அவன் கேட்கின்ற அந்த நேரத்தில், அறிஞர் பலர் ஈராயிரம் ஆண்டுகளாக வாதாடியும் முடியாத வழக்கொன்று அங்கே எழுந்து நிற்கிறது. பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது? பொருளிலேயா? அதன்மேல் ஒட்டப்பட்ட பெயரிலேயா? விற்போன் அறிந்தும் மறைப்பதிலேயா? வாங்குவோன் அறிந்தும் சொல்லாதிருப்பதிலேயா?

இரண்டு சக்கரங்களுக்கு இத்தனை பெரிய கேள்வியா என்று நகைப்போர் நகைக்கட்டும். கப்பலையும் கழனியையும் எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்ந்தோர் உண்டு. நாம் மிதிவண்டியை எடுத்துக் கொள்கிறோம்.

நாம் கூறுவது அங்காடிக்குச் சென்று வரும் அன்றாட வண்டியையன்று. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பிரான்சிலும் செய்யப்பட்ட, எஃகுக் குழாய்களால் ஆன, மெலிந்த பந்தய வண்டியை. பர்மிங்காம் நகரத்து ஆல்பிரெட் ரெனால்ட்ஸ் 1897-ஆம் ஆண்டில் ஒரு செய்முறைக்கு உரிமை பெற்றார். குழாய்க்கு வெளிப்புறத்தில் ஒரே அளவு. உட்புறத்திலோ, இரு முனைகளில் கனம், நடுவில் மெலிவு. ஏன் அவ்வாறு? குழாயும் குழாயும் கூடும் மூட்டில்தான் பாரம் மிகுதி. பற்றவைக்கும் நெருப்பின் வெம்மை தாக்குவதும் அங்கேதான். வேண்டிய இடத்தில் வலிமை இருக்கட்டும், வேண்டாத இடத்தில் எடை எதற்கு என்பதே அந்தச் சிந்தனை. 1935-இல் அதே நிறுவனம், மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் 531 என்னும் குழாயை அளித்தது. மிலான் நகரத்துக் கொலம்பஸ் குழாய்களும் அதற்கு இளைத்தவையல்ல. 1972-இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியது, எர்னஸ்டோ கொல்னாகோ செய்தளித்த எஃகு வண்டியின் மீதுதான். (இடையே ஒரு செய்தி: ரெனால்ட்ஸ் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் எனும் குழுமத்தில் சேர்ந்தது; அந்தக் குழுமம் முருகப்பா குடும்பத்தாருடன் 1949-இல் தொடங்கிய கூட்டு முயற்சியால் எழுந்ததே நம் அம்பத்தூர் மிதிவண்டி ஆலை. உறவு தூரத்ததே எனினும், உறவுதான்.)

1990-களில் அலுமினியமும், அதன் பின்னே கார்பன் இழையும் பந்தயக் களத்தைக் கைப்பற்றின. எஃகு வண்டிகள் கொட்டகைகளுக்குள் ஒதுங்கின. ஒதுங்கியவை இன்று மீண்டும் வெளியே வருகின்றன, விலை பேசப்படுகின்றன. அங்கேதான் சிக்கல்.

முதற் சிக்கல், பெயர். இருக்கையைத் தாங்கும் குழாயின்மேல் ஒரு சிறு ஒட்டுத்தாள்: 531! அதைக் கண்டதும் வாங்குவோன் கண்கள் மலர்கின்றன. ஆனால் அந்தத் தாளிலும் பல வகை உண்டு என்பதை அவன் அறிவானோ? சட்டம் முழுவதும், முன்கவையும் பின்தண்டுகளும் உட்பட, முனை தடித்த குழாய்களால் ஆனது என்று கூறும் தாள் ஒன்று. முதன்மைக் குழாய்கள் மூன்று மட்டுமே 531, அவையும் ஒரே கனமுடைய எளிய குழாய்கள் என்று அடக்கமாகக் கூறும் தாள் மற்றொன்று. இரண்டிலும் எண் ஒன்றே, பொருள் வேறு. போதாக்குறைக்கு, இன்று புதிய ஒட்டுத்தாள்களை அச்சிட்டு விற்கின்றனர். பழைய வண்டிக்கு வண்ணம் தீட்டி, உரிய தாளை மீண்டும் ஒட்டுவோர் நேர்மையாளர்; அவர்களைக் குறை கூற மாட்டோம். ஆயினும், ஒட்டத்தக்க ஒன்று, ஒட்டக்கூடாத இடத்திலும் ஒட்டப்படலாம் அன்றோ?

தாள் பொய் சொல்லலாம். குழாயின் உள்விட்டம் அத்தனை எளிதில் பொய் சொல்லாது. இருக்கைத் தண்டை உருவிப் பாருங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் அளவு 27.2 மில்லிமீட்டர் என்றால், 28.6 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயின் சுவர் மிக மெல்லியது என்று பொருள். நல்ல குழாய்க்கு அது நல்ல சான்று. அளவு அதனினும் நன்கு குறைந்திருந்தால் சுவர் தடித்தது. எண் என்ன சொன்னாலும் சரியே. எவரோ பொருந்தாத தண்டைத் தகடு சுற்றிச் செருகியிருத்தலும் கூடும். ஆதலின் அதையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

உருவிப் பாருங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். உருவ வராவிட்டால்? இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் அறத்தின் முடிச்சு ஒன்று இங்கேதான் விழுந்திருக்கிறது. தண்டு அலுமினியம், குழாய் எஃகு. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்க, இடையே உப்பு நீர் புகுந்தால், மின்வேதி அரிப்புத் தொடங்குகிறது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்புத் தூவுவர். அந்த உப்பு நீர் உள்ளே இறங்குகிறது. அரிபட்ட அலுமினியம் வெண்துகளாகிப் பருத்து, தண்டைக் குழாயோடு இறுகப் பிணைத்து விடுகிறது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றும் தெரியாது. வண்டி மின்னும், சக்கரம் சுழலும், இருக்கை மட்டும் இம்மியும் ஏறாது, இறங்காது. அதனை எடுக்க அறுக்கவோ கரைக்கவோ நேரும். அதற்கான கூலி, வண்டியின் விலையை விஞ்சினாலும் வியப்பில்லை.

இப்போது கேட்கிறோம்: இருபது ஆண்டுகளாக அந்த இருக்கையைத் தொட்டே பாராத ஒருவர், "குறையேதும் இல்லாத வண்டி ஐயா!" என்று கூறி விற்கிறார். அவர் பொய்யரா? அவருக்குத் தெரியாது, தெரியாததை மறைக்க இயலாது, ஆதலின் பொய்யரல்லர் என்பர் சிலர். நாம் அத்துணை விரைவில் அவரை விடுவிக்க மாட்டோம். "குறையில்லை" என்பது வேறு. "குறை எதுவும் என் கண்ணில் படவில்லை" என்பது வேறு. முன்னது, பார்த்து முடித்தவன் பேசும் பேச்சு; பின்னது, பாராதவனும் பேசத்தக்க பேச்சு. பாராமலே முன்னதைப் பேசியவர், தம்மிடம் இல்லாத ஓர் அறிவை இருப்பதாகக் காட்டி அதற்கும் விலை பெறுகிறார்.

அறிந்தே மறைப்போனைப் பற்றியோ ஐயமே இல்லை. முன்புறம் மோதிய வண்டியில், தலைக்குழாயை ஒட்டிக் கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் சிறு மடிப்பு விழும். கண்ணுக்கு எளிதில் தெரியாது; விரலால் தடவினால் அலை போலத் தட்டுப்படும்; வண்ணம் அங்கே வெடித்திருக்கும். முன்கவை சற்றே பின்வாங்கியிருக்கும். தலைக்குழாயிலிருந்து பின்சக்கரக் கவ்விகளைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இடையே இருபுறமும் அளந்தால், சட்டம் கோணியிருப்பது வெளிப்பட்டு விடும். ஒரு முழ நூல் போதும் என்று சொல்ல இயலாது. சில முழம் வேண்டும். ஆனால் செலவு அவ்வளவே! இந்த மடிப்பின் மேல் வண்ணம் பூசி விற்போன் வாய் திறக்காதிருந்தாலும், அவன் தூரிகை பேசியிருக்கிறது, பொய் பேசியிருக்கிறது.

எஃகின் பெருந்தன்மையையும் கூறத்தான் வேண்டும். அது பெரும்பாலும் ஒடியுமுன் வளைந்து எச்சரிக்கிறது. கைதேர்ந்த கம்மியர் கெட்ட குழாயை நீக்கி வேறு குழாயைப் பற்றவைக்கக் கூடும். 126 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய பின்கவ்வியை, இக்காலச் சக்கரத்துக்கு ஏற்ப 130-க்கு விரித்தும் கொடுப்பர். கார்பனிடம் அது நடவாது. மேலே படிந்த துரு அழகைக் கெடுக்கும், அவ்வளவே; நீர் தேங்குகின்ற மிதியச்சுக் கூட்டின் உள்ளே தின்று கொண்டிருக்கும் துருவே அஞ்சத்தக்கது.

பிற செலவுகள் கணக்கைச் சார்ந்தவை. சங்கிலியின் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் பன்னிரண்டு அங்குலம் இருத்தல் வேண்டும். ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டால் சங்கிலியை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு நீண்டால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும் என்று எண்ணுக. ரிம் 630 மில்லிமீட்டர் அளவினதா, 622 அளவினதா என்று பார்க்க. பின்னதற்கே டயர்கள் மிகுதி. பழைய பிரெஞ்சு மரையுள்ள வண்டிக்கு உதிரிப் பொருள் தேடி அலைய நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுவோன் உடலுக்குப் பொருந்தாத உயரமுள்ள சட்டம், எத்தனை புகழ் பெற்ற பெயரைத் தாங்கியிருந்தாலும் அவனுக்குப் பயனற்றது. பெயருக்காக வாங்கிச் சுவரில் மாட்டுவோரும் உளர், மாட்டட்டும். அவர் கொடுப்பது வண்டியின் விலையன்று, நினைவின் விலை என்பதை அவரே அறிந்திருந்தால் நமக்கென்ன வழக்கு?

விற்போன் மறைத்தால் வாங்குவோன் மட்டுமே இழக்கிறான் என்று கருதுவோர்க்கு, அமெரிக்கப் பொருளியலார் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விடை கூறியிருக்கிறார். பழைய கார்ச் சந்தையைச் சான்றாகக் கொண்டு அவர் காட்டியது இது: நல்லதையும் கெட்டதையும் வாங்குவோரால் பிரித்தறிய முடியாவிடில், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கூறுவர். நல்ல வண்டி வைத்திருப்போன் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவான். எஞ்சுவதில் கெட்டது மிகும். விலை மேலும் வீழும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் அதிலிருந்து எடுத்துக் கொள்வது ஒன்றே: வண்ணம் பூசி மடிப்பை மறைத்தவன், தன்னிடம் வாங்கியவனை மட்டும் ஏமாற்றவில்லை, அடுத்த தெருவில் உண்மை கூறி விற்க நிற்கும் முகமறியாத ஒருவரின் சொல்லையும் செல்லாக்காசாக்கி விட்டான்.

சட்டநூல் இதற்கு முழு மருந்தளிக்கவில்லை. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகரிடம் வாங்குவோர்க்குப் பெருங்காவல். தனி மனிதரிடம் வாங்குவோர்க்கோ, சொன்ன வண்ணம் பொருள் இருத்தல் வேண்டும், பொய்யுரைத்தல் கூடாது என்ற அளவோடு பெரும்பாலும் காவல் நின்று விடுகிறது. வாய்மூடி இருந்தவரைச் சட்டம் பொதுவாகத் தொடுவதில்லை.

இதுவரை விற்போனைக் கூண்டில் நிறுத்தினோம். வாங்குவோன் மட்டும் குற்றமற்றவனோ? கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், கொட்டகையில் கிடந்த அவருடைய வண்டியை இருபது பவுண்டுக்குத் தர முன்வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். புழுதிக்கடியில் இருப்பது பெயர் பெற்ற கம்மியர் கைவேலை, இத்தாலியக் கம்பக்னோலோ உறுப்புகள், பன்மடங்கு பெறும். வந்தவன் அதனை அறிவான். சொல்ல வேண்டுமா?

வேண்டாம் என்போர் வலிமையற்றவரல்லர். அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் 1817-இல் தீர்த்த வழக்கொன்று அவர்கள் பக்கம் நிற்கிறது. போர் முடிந்து அமைதி ஏற்பட்ட செய்தியை முந்தி அறிந்த ஆர்கன் என்பார், நியூ ஆர்லியன்சில் லெய்ட்லா என்பாரின் நிறுவனத்திடம் புகையிலையை வாங்கினார்; செய்தி பரவியதும் விலை ஏறிற்று. வாங்குவோன் தான் அறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவனல்லன். ஆனால் ஏய்க்கும் வண்ணம் எதுவும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றார் நீதிபதி மார்ஷல். அறிவு உழைத்துப் பெற்றது. அதற்கு ஊதியம் இல்லையெனில் எவன் கற்பான் என்றும் கேட்கின்றனர். நியாயமே. வணிகனும் வணிகனும் மோதும் களத்தில் அதனை ஒப்புகிறோம்.

ஆனால் அந்த மூதாட்டி, "நீங்களே சொல்லுங்கள் தம்பி, என்ன பெறும்?" என்று கேட்டுவிட்டால்? அந்த நொடியில் அவன் வாங்குவோன் அல்லன், நடுவன். வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய குறளைப் பொருள் ஈட்டும் அதிகாரத்தில் வைக்காமல் நடுவுநிலைமையில் வைத்தது ஈண்டு எண்ணத்தக்கது. கேளாவிட்டாலும், அறியாமையின் முழுப் பயனையும் ஒருவனே அள்ளிக் கொள்வது ஊதியமாகாது என்பதே நம் கருத்து. தேடியதற்கும் திருத்துவதற்கும் உரியதை அவன் கழித்துக் கொள்ளட்டும். மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும்.

உரோம அறிஞர் சிசரோ கடமைகள் பற்றி கி.மு. 44-இல் எழுதிய நூலில், ஸ்கேவோலா என்பாரைக் குறிப்பிடுகிறார். நிலம் வாங்க வந்தவர், விற்போன் கூறிய விலை குறைவு என்று கூறி, நூறாயிரம் செஸ்டர்சு கூட்டிக் கொடுத்தாராம். அவர் நல்லவர்தான், ஆனால் அறிவுடையவர் அல்லர் என்று பேசிய உலகத்தைச் சிசரோ கடிந்து கொள்கிறார். நன்மை ஒரு புறமும் அறிவு ஒரு புறமுமாகப் பிரித்து வைத்ததே கேடு என்பது அவர் வாதம்.

கூட்டிக் கொடுக்க மனம் வராதோர், குறைத்துக் கேட்பதையேனும் நேர்மையாகக் கேட்கலாம். தண்டு இறுகியிருக்கிறது, அதை எடுக்க இத்தனை செலவு, அத்தனையைக் கழியுங்கள் என்று மெய்க் குறையைக் காட்டிப் பேசுவது பேரம். இல்லாத கோட்டத்தை உண்டென்று சொல்லி, நல்ல சக்கரத்தைச் சுழற்றி உதட்டைப் பிதுக்குவது வேறு. அவ்வாறு பிதுக்கியவர் திங்கள் ஒன்று கழிந்து அதே வண்டியை விற்க வரும்போது, அதே சக்கரத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று அருகில் நின்று கேட்டுப் பாருங்கள்.