கத்தாதே, கேட்கும்படி பேசு!

வேல்ஸ் நாட்டில், ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் 13 பிள்ளைகளில் 12-வதாக 1925-இல் பிறந்தவர் ரிச்சர்ட் ஜென்கின்ஸ். இரண்டு வயது நிறையும் முன்பே தாய் இறந்துவிட, அக்காதான் வளர்த்தார். குடும்பக் கஷ்டத்தால் பள்ளியை விட்டுக் கடை வேலைக்குப் போனவர் மீண்டும் படிக்க வந்தபோது, தன் பொறுப்பில் ஏற்று வழிகாட்டினார் ஆசிரியர் ஃபிலிப் பர்ட்டன்.

மாணவனை மலைமேல் நிறுத்தி ஷேக்ஸ்பியர் வசனம் பேசச் சொல்வார். பேசப் பேச, ஆசிரியர் தள்ளித் தள்ளிப் போவார். எத்தனை தூரம் போனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆனால் கத்தக் கூடாது!

ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட அந்த மாணவர்தான் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன். மேடையில் 'ஹாம்லெட்', திரையில் 'பெக்கெட்' என்று கொடிகட்டிப் பறந்தார். 7 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட விருது கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலை இன்றும் உலகம் மறக்கவில்லை.

திறமையைக் கைதட்டிப் பாராட்டப் பலர் வருவார்கள். 'இன்னும் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்' என்பவர் ஒருவராவது வேண்டும். அவர் வாய்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.