ஆசிரியன் பொறுப்பு

தம்பாற் பயின்ற மாணாக்கன் ஒருவன் பிற்காலத்திலே தீநெறி புகுந்தான் எனக் கேட்குங்கால் ஆசிரியர் நெஞ்சம் வருந்தாதிருத்தல் அரிது. நாம் கற்பித்ததில் எங்கே குறை நேர்ந்தது என அவர் தம்மைத் தாமே வினவுவர். மாணாக்கன் பிழைக்கு ஆசிரியன் எவ்வளவிற்குப் பொறுப்பாளன்? இவ்வினாவை ஆராய்தற்கு உரோமர் சரித்திரம் பெரிதும் துணைசெய்கின்றது.

செனெக்கா என்பவர் உரோமாபுரியில் விளங்கிய ஸ்தோயிக்க தத்துவ அறிஞர். கி. பி. 41 இல் கிளாடியஸ் என்னும் பேரரசனாற் கோர்சிக்காத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட அவரை, 49 இல் அகிரிப்பினா என்னும் அரசி மீள்வித்துத் தன் மகன் நீரோவுக்கு ஆசிரியராக்கினாள். அப்பொழுது நீரோ பதினொரு வயதுச் சிறுவன். 54 இல் அவன் அரியணை ஏறினான். அரசர்க்கு இரக்கமே தக்கது என உணர்த்தும் நூலொன்றைச் செனெக்கா அவனுக்கென்றே இயற்றினார். அவரும் புருஸ் என்னும் படைத்தலைவரும் வழிகாட்டியமையால், தொடக்கத்துச் சில ஆண்டுகள் ஆட்சி பெரும்பாலும் செவ்வே நடந்தது.

59 இல் நீரோ தன்னைப் பெற்ற தாயைக் கொல்வித்தான். தாயே தன்னைக் கொல்லச் சூழ்ந்தாள் எனப் பழியை அவள்மேற் சுமத்தி, மூத்தோர் அவைக்குக் கடிதமும் விடுத்தான். அக்கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் செனெக்காவே என்ப. நீரோவின் கொடுமை ஏசுதற்கும் அப்பாற்பட்டதாயினமையால், மக்கள் செனெக்காவையே இகழ்ந்தனர் எனச் சரித்திராசிரியர் தசிற்றஸ் எழுதியுள்ளார்.

இதனோடு மற்றொன்றை ஒப்புநோக்குவாம். 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அவுரேலியஸ் அரசராயும் ஞானியாயும் விளங்கியவர். தம் மகன் கொமோடஸுக்குப் புகழ்பெற்ற அறிஞர் பலரைத் தேடி ஆசிரியராக அமைத்தார். அவனோ கொடுங்கோலனாகி 192 இற் கொலையுண்டான். ஆயினும் அவ்வாசிரியரை உலகம் பழித்திலது. விதைத்தவன் கடமை நன்கு விதைத்தலே; நிலத்தின் இயல்பு அவன் கையதன்று.

அங்ஙனமாயிற் செனெக்காவை மட்டும் பழித்தது ஏன்? அவர் மாணாக்கன் தீயவனானமைக்காக அன்று. அத்தீமைக்குத் தம் கல்வியைப் போர்வையாக்கியமைக்காகவே என்க. அரசனை விட்டு நீங்கின் இன்னும் பெருங்கேடு விளையும் எனக் கருதியே அவர் அங்கிருந்தார் எனச் சிலர் கூறுவர். இருக்கலாம். ஆயினும் தீமையைத் தடுத்தற்கு உடனிருத்தல் வேறு. அதனை மறைத்தற்கு எழுதுகோல் எடுத்தல் வேறு. 62 இல் தாம் பெற்ற பெருஞ்செல்வத்தைத் திருப்பித் தந்து விலக அவர் வேண்டினார், நீரோ இசைந்திலன். 65 இல் அவன் ஆணைப்படி உயிர் துறந்தார். அஞ்சாது இறந்தார் என்பது உண்மை. ஆயினும் அக்கடிதத்தின் பழி அவரை விட்டு நீங்கவில்லை.

ஆசிரியர்காள், எம்மை எப்பேரரசனும் கடிதம் எழுதுமாறு ஏவப்போவதில்லை. ஆனால் செல்வர் ஒருவர் தம் மகனது ஒழுக்கக் கேட்டை மறைத்து நற்சான்றுப் பத்திரம் எழுதித் தருமாறு வேண்டும் நாள் எம்மில் யார்க்கும் வரலாம். அம்மாணாக்கன் பின்னர் எங்ஙனம் ஆவான் என்பது எம் வசத்ததன்று. அப்பத்திரத்திற் கையொப்பம் இடுதலும் இடாமையுமோ முற்றும் எம் வசத்தனவே.