ஒபீலியாவின் கல்லறை

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஐந்தாம் அங்கம் குழி தோண்டும் இருவரின் வாதத்தோடு தொடங்குகிறது. ஒபீலியா ஓடையில் மூழ்கி இறந்துவிட்டாள். அவளாக நீரைத் தேடிப் போனாளா, நீர் அவளைத் தேடி வந்ததா? அவளாகப் போயிருந்தால் சமயச் சடங்கு கிடையாது. பெரிய இடத்துப் பெண் என்பதால்தான் இந்தச் சலுகை என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. அக்காலத்து இங்கிலாந்தில் அது சிரிக்கும் விஷயமன்று. 1554-இல் நீரில் மூழ்கி உயிரை விட்ட நீதிபதி ஹேல்ஸின் நிலத்தைக் குறித்து வழக்கறிஞர்களே இப்படித்தான் சொல்லுக்குச் சொல் பிரித்து வாதாடினார்கள். தற்கொலை செய்துகொண்டவரைச் சாலையோரத்தில் புதைக்கும் வழக்கம் 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நின்றது.

பிறகு பாதிரியார் வருகிறார். சாவில் சந்தேகம் இருக்கிறதாம். ஆகவே மணியோசையும் மலரும் உண்டு, ஆத்ம சாந்திப் பாடல் கிடையாது. அரசனுடைய ஆணை குறுக்கிடாதிருந்தால் அவள்மேல் கல்லும் ஓட்டாஞ்சில்லும்தான் விழுந்திருக்கும் என்கிறார். சந்தேகம் என்றால் அதன் பலன் இறந்தவளுக்கு அல்லவா சேர வேண்டும்? மரக்கிளை முறிந்து விழுந்தாள் என்கிறாள் அரசி. விழுந்தவளுக்கோ அதற்கு முன்பே சித்தம் கலங்கிவிட்டது. அறிவு நீங்கிய பிறகு பாவம் எங்கே நிற்கும்? முதல் அங்கத்தில் சாவை விரும்பிய ஹாம்லெட்டைக் கடவுளின் கட்டளை தடுத்தது. அந்தக் கட்டளையை நினைத்துப் பார்க்கும் மனமே அவளிடம் மிஞ்சவில்லை. பாதிரியார் இதையெல்லாம் எண்ணவில்லை. அவருடைய விதியை வளைத்தது இரக்கம் அன்று, அரச கட்டளை.

அந்த அரசன் யார்? உடன்பிறந்தவனையே நஞ்சூற்றிக் கொன்றவன். அவனும் அந்தக் குழியருகே நிற்கிறான். அவனிடம் கேட்பதற்குப் பாதிரியாருக்குக் கேள்வி எதுவும் இல்லை.